பகடை உருளும் முன்: ரோல்பிளேயிங் ஆட்டங்களில் பேச்சுக் காட்சிகளை நடத்தும் முறை

ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பேச்சும் பகடையுமாகக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் ஓர் எதிரியை வாளால் வீழ்த்துவதற்குப் பல படிகள் உண்டு. யார் முதலில் அடிப்பது என்று பகடை உருட்ட வேண்டும், அடி கவசத்தைத் தாண்டியதா என்று பார்க்க வேண்டும், காயத்தைக் கணக்கிட வேண்டும். இப்படி நாலைந்து சுற்றுகள் போன பிறகே முடிவு தெரியும். அதே எதிரியிடம் பேசி வழிவிடச் செய்வதற்கோ பெரும்பாலான மேசைகளில் இருபதுமுகப் பகடையின் ஓர் உருட்டல் போதும் என்று வைத்திருக்கிறார்கள். "பெர்சுவேஷன் போடுகிறேன்" என்று, இணங்கவைக்கும் திறனின் பெயரைச் சொல்கிறார் ஆட்டக்காரர்; பகடை 18 காட்டுகிறது; எல்லாரும் ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரின் (சுருக்கமாக டிஎம்) முகத்தைப் பார்க்கிறார்கள். என்ன கேட்கப்பட்டது, யாரிடம் கேட்கப்பட்டது, அந்த ஆள் எதற்காக இணங்க வேண்டும் என்பவையெல்லாம் அதுவரை பேசப்படவில்லை என்றால் அந்த 18-ஐ வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. டிஎம், சோஷியல் செக் எனப்படும் இந்தப் பேச்சுச் சோதனை (பகடை எண்ணோடு பாத்திரத்தின் திறன் போனஸைக் கூட்டி, டிஎம் வைத்த எண்ணை எட்டுகிறதா என்று பார்ப்பது) தொடர்பான தம் வேலையில் பெரும்பகுதியைப் பகடை உருளும் முன்பே முடித்துவிட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்லவருவது.

இந்தச் சிக்கல் ஆட்டத்தோடு கூடவே பிறந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் கொண்டுவந்த முதல் பதிப்பிலேயே, எதிர்ப்படும் உயிரினம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இரண்டு ஆறுமுகப் பகடைகளால் முடிவுசெய்யும் பட்டியல் இருந்தது. 1981-ஆம் ஆண்டின் பேசிக் பதிப்பில் அந்தப் பட்டியல் தெளிவாகவே அமைந்தது: 2 விழுந்தால் உடனே தாக்கும், 12 விழுந்தால் ஆர்வத்தோடு நட்பு பாராட்டும், 6 முதல் 8 வரை விழுந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் தயங்கும். 36-க்கு 16 முறை இந்தத் தயக்கத்தில்தான் போய் நிற்கும் என்பதால், முடிவைப் பட்டியல் தானே சொல்லிவிடாமல் ஆட்டக்காரர்களின் அடுத்த பேச்சுக்கு விட்டுக்கொடுத்தது. பழைய விதிகளில் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது இதுதான். 2003-இல் வந்த 3.5 பதிப்பு இதற்கு நேர்மாறு. அதில் டிப்ளமசி என்ற திறனுக்கு நிலையான எண்கள் கொடுக்கப்பட்டன: பகையோடு இருப்பவரை நடுநிலைக்குக் கொண்டுவர 25, நண்பராக்க 35, ஆபத்தைப் பொருட்படுத்தாமல் உதவுபவராக்க 50. எதிரே இருப்பவர் யார், அவரிடம் எதைக் கேட்கிறோம் என்பதையெல்லாம் கணக்கில் எடுக்காத எண்கள் இவை. போனஸ்களை அடுக்கத் தெரிந்தவர்கள் ஒரு நிமிடப் பேச்சில் கொலைகாரனையும் தோழனாக்கிவிட, டிஎம்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் பதிப்பின் 2014-ஆம் ஆண்டு டிஎம் கையேட்டில் இதற்கு ஓர் ஒழுங்கான விடை இருக்கிறது. அதைப் படித்தவர்கள் குறைவு என்பதுதான் வருத்தம். அதன்படி டிஎம் இரண்டு விஷயங்களை முடிவு செய்ய வேண்டும். ஒன்று, எதிரே இருப்பவரின் மனநிலை: நட்பா, நடுநிலையா, பகையா. மற்றொன்று, கேட்கப்படும் காரியத்தால் அவருக்கு வரக்கூடிய ஆபத்து அல்லது இழப்பு: இல்லையா, சிறியதா, பெரியதா. நண்பர் 10-க்குச் சிறிய ஆபத்தையும் 20-க்குப் பெரிய ஆபத்தையும் ஏற்றுக்கொள்வார். நடுநிலையில் இருப்பவர், தமக்கு இழப்பில்லாத காரியத்தை 10-க்குச் செய்துகொடுப்பார். சிறிய ஆபத்தை ஏற்க 20 வேண்டும். பகையோடு இருப்பவர் 10-க்கு உதவாமலும் கெடுக்காமலும் ஒதுங்கி நிற்பார். 20 எடுத்தாலும், தமக்கு நட்டமில்லாததை மட்டுமே செய்வார். ஆகவே பகைவரிடம் போய் நேரடியாகப் பெரிய உதவி கேட்பதற்கு இந்தப் பட்டியலில் எண்ணே கிடையாது. முதலில் அவர் மனநிலையை மாற்றியாக வேண்டும். 2024-ஆம் ஆண்டுப் பதிப்பு இதை இன்னும் சுருக்கி, கேட்டதைச் செய்ய அவருக்கே விருப்பமா, கொஞ்சமும் விருப்பமில்லையா, தயக்கமா என்று பார்க்கச் சொல்கிறது. விருப்பமிருந்தால் பகடை தேவையில்லை; சுத்தமாக விருப்பமில்லையென்றாலும் பகடை தேவையில்லை. தயக்கம் இருக்கும்போது மட்டும் 15 அல்லது அவருடைய இன்டெலிஜென்ஸ் (அறிவு) எண், இவற்றில் எது பெரியதோ அதை எட்ட வேண்டும்.

விதியை மட்டும் சொன்னால் பிடிபடாது; ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவு. நகரத்தின் கோட்டை வாயில் மூடப்பட்டுவிட்டது. நான்கு பேர் கொண்ட குழு விடிவதற்குள் உள்ளே போயாக வேண்டும். வாயிலில் ஒரு காவல் தலைவர் நிற்கிறார். ஆட்டம் தொடங்கும் முன் டிஎம் அவரைப் பற்றி நான்கு வரி எழுதிவைத்தால் போதும். அவர் நடுநிலையில் இருப்பவர். ஓய்வுபெற அவருக்கு மூன்று மாதமே இருக்கிறது, அதுவரை வேலைக்கு எந்தப் பங்கமும் வரக் கூடாது. அவருடைய மேலதிகாரி காசு வாங்கிக்கொண்டு வணிகர்களின் வண்டிகளை இரவில் ஏட்டில் எழுதாமல் உள்ளே விடுகிறார் என்பதில் அவருக்குத் தாளாத எரிச்சல். பெரிய கதவை எந்த எண்ணுக்கும் அவர் திறக்கப்போவதில்லை. இந்தக் கடைசி வரி மிகவும் முக்கியம். எதற்கு இணங்கவே மாட்டார் என்பது டிஎம்முக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான், பகடையில் 20 விழுந்த கொண்டாட்டத்தில் மேசையே கத்தும்போதும் நிதானம் தவறாது. ஐந்தாம் பதிப்பில் பகடை 20 காட்டினால் தானாகவே வெற்றி என்ற விதி தாக்குதலுக்குத்தான் உண்டு. திறன் செக்குக்குக் கிடையாது.

இப்போது ஓர் ஆட்டக்காரர், "கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்கிறேன்" என்கிறார். பகடையைத் தொடவிடாமல் டிஎம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: சரியாக எதைக் கேட்கிறீர்கள், அவர் எதற்காகச் சம்மதிக்க வேண்டும்? பெரிய கதவு என்றால் அவருக்குப் பெரிய ஆபத்து, ஆகவே பகடைக்கே இடமில்லை. அதை ஒளிக்காமல், "உத்தரவில்லாமல் இந்தக் கதவு திறந்தால் என் தலை போகும்" என்று காவல் தலைவரின் வாயாலேயே சொல்லிவிடலாம். உடனே ஆட்டக்காரர் திட்டிவாசலைப் பார்க்கிறார். அந்தச் சின்னக் கதவு வழியாக யாருக்கும் தெரியாமல் விடச் சொன்னால், சிறிய ஆபத்து, நடுநிலையாளரிடம் 20. அப்போது குழுவில் ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "ஐயா, பெரிய கதவே வேண்டாம். திட்டிவாசல் வழியா நாலு பேரும் வந்துடறோம். எங்க பேரை ஏட்டுல எழுதிக்குங்க. ஆயுதத்தைக் காவல் அறையிலேயே வெச்சிட்டுப் போறோம், காலையில வந்து வாங்கிக்கறோம்." ஏட்டில் பதிவு இருக்கிறது, ஆயுதம் பிடியில் இருக்கிறது, நாளைக்கு யார் கேட்டாலும் காவல் தலைவருக்குப் பதில் இருக்கிறது. அவருடைய ஆபத்து ஏறக்குறைய மறைந்துவிட்டதால் எட்ட வேண்டிய எண் 10 ஆகிவிடுகிறது. பெர்சுவேஷனில் +5 வைத்திருக்கும் பாத்திரத்துக்கு 20-ஐ எட்டும் வாய்ப்பு 30 விழுக்காடு. 10-ஐ எட்டும் வாய்ப்பு 80 விழுக்காடு. பேச்சில் அலங்காரம் எதுவும் இல்லாமலேயே இந்த வித்தியாசம் வந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே இடத்துக்கு வேறு வழியிலும் போகலாம். வாயிலருகே புதிதாக வண்டி போன தடம் தெரிகிறதா என்று ஒருவர் தேடிப் பார்த்து, "நேர்மையா எழுதி வேலை பாக்கறவங்க வெளியில நிக்க, காசு குடுத்தவன் வண்டி உள்ள போகுது போலிருக்கே" என்று ஆதங்கத்தோடு சொன்னால், காவல் தலைவரின் மனத்தில் இருப்பதை அவர் தொட்டுவிட்டார். மனநிலை நட்புப் பக்கம் நகர்கிறது, சிறிய ஆபத்துக்கும் இப்போது 10 போதும். அதே தடத்தைக் காட்டி, "மேலிடத்துல சொல்லிடுவோம்" என்று மிரட்டினால் அது இன்டிமிடேஷன். வேலை நடக்கலாம், ஆனால் விடிந்ததும் அவர் என்ன செய்வார் என்பது வேறு கதை. சாமம், பேதம், தானம், தண்டம் என்று நம் பெரியவர்கள் பிரித்துவைத்தது டிஎம்முக்கு மிகவும் கைகொடுக்கிறது. ஆட்டக்காரர் சொன்னது இந்த நான்கில் எது என்று மனத்துக்குள் கேட்டுக்கொண்டால், எந்தத் திறனில் செக் என்பது பெரும்பாலும் தானே தெரிந்துவிடும். தானத்துக்கு மட்டும் எந்தத் திறனும் இல்லை என்பதும் தெரியவரும். போதுமான விலையைக் கொடுத்தால் அங்கே பகடைக்கு வேலையில்லை.

எண்ணை முடிவு செய்தபின் யார் உருட்டுவது என்ற கேள்வி வருகிறது. ஒருவர் தோற்றவுடன் அடுத்தவர், "நானும் கேட்டுப் பார்க்கிறேன்" என்று பகடையை எடுப்பது எல்லா மேசைகளிலும் நடக்கிறது. இதை அனுமதித்தால், எந்த போனஸும் இல்லாத நான்கு பேர் 15-ஐ எட்ட முயலும்போது தனித்தனியாக 30 விழுக்காடாக இருக்கும் வாய்ப்பு, யாராவது ஒருவர் எட்டினால் போதும் என்றாகி 76 விழுக்காடாகிவிடும். ஒரு காட்சிக்கு ஒரு செக் என்று வைத்துக்கொள்வது நல்லது. மற்றவர்கள் உதவலாம், உதவி என்றால், இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கும் அட்வான்டேஜ் கிடைக்கும், +5 உள்ளவர் 15-ஐ எட்டும் வாய்ப்பு 55-இலிருந்து ஏறக்குறைய 80 விழுக்காட்டுக்கு உயரும். ஆனால் "நான் ஹெல்ப் பண்றேன்" என்ற மூன்று சொல்லுக்கு அட்வான்டேஜ் கொடுத்துவிடாமல், அந்தப் பாத்திரம் பேச்சில் எதைச் சேர்க்கிறது என்று கேட்டுப் பெற வேண்டும். தோற்றபின் மறுபடி முயல்வதற்கும் எல்லை தேவை. பர்னிங் வீல் ஆட்டத்தில், சூழ்நிலை மாறாதவரை முதல் உருட்டலின் முடிவே நிற்கும் என்று விதி உண்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 பதிப்பு, அதே வழியில் மறுபடி கேட்பதற்கு 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது. புதிய சான்று, புதிய விலை, புதிய ஆள் என்று ஏதாவது வந்தால்தான் பேச்சு மறுபடி திறக்கும் என்பதே இரண்டின் பொருளும்.

இனி, எல்லா மேசைகளிலும் சண்டை மூட்டும் விஷயம்: ஆட்டக்காரரின் வாக்குவன்மைக்கு மதிப்பா, பாத்திரத்தின் எண்ணுக்கு மதிப்பா? நிஜத்தில் சரளமாகப் பேசும் ஒருவர், கரிஸ்மா (ஆளுமைக் கவர்ச்சி) 8 மட்டுமே உள்ள போர்வீரனை வைத்துக்கொண்டு எல்லாக் காட்சியிலும் தாமே பேசி ஜெயித்துவிடுகிறார். கூச்ச சுபாவமுள்ள இன்னொருவர், தம் பாத்திரத்துக்குப் பெர்சுவேஷனில் புள்ளிகளைக் கொட்டியிருந்தும், நாலு பேர் முன்னால் வசனம் பேச முடியாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறார். பேச்சை முழுவதும் நடிப்புக்கு விட்டால் இரண்டாமவருக்கு அநியாயம். முழுவதும் பகடைக்கு விட்டால் மேசையில் யாரும் வாயே திறக்கமாட்டார்கள்.

சொல்லப்பட்ட விஷயத்தையும் சொன்ன விதத்தையும் பிரித்துவிட்டால் இந்த வழக்கு பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. விஷயத்துக்கு மட்டும் எட்ட வேண்டிய எண்ணைக் குறைக்கலாம். சொன்ன விதம் என்பது பாத்திரத்தின் போனஸும் பகடையும் சேர்ந்து காட்டுவது. கூச்சக்காரர், "உங்கள் வேலைக்கு ஆபத்து வராதபடி நடந்துகொள்கிறோம் என்று என் பாத்திரம் எடுத்துச் சொல்கிறது, ஏட்டில் எழுதிக்கொள்ளவும் சொல்கிறது" என்று படர்க்கையில் இரண்டு வாக்கியம் சொன்னாலே, நடித்துக் காட்டியவருக்குக் கிடைக்கும் அதே 10 அவருக்கும் கிடைக்க வேண்டும். மறுபுறம், சரளமாகப் பேசியவருக்கும் விஷயத்துக்கான சலுகை உண்டு, ஆனால் கரிஸ்மா 8-ஆல் போர்வீரனுக்கு வரும் -1 மறையாது. 10-ஐ எட்ட அவருக்கு 50 விழுக்காடு, +5 உள்ளவருக்கு 80. குரல் நடிப்புக்காக டிசியை, அதாவது எட்ட வேண்டிய எண்ணைக் குறைப்பதை நான் ஏற்பதில்லை. சிரிக்கவைத்ததற்காக, பிறகொரு உருட்டலுக்குக் கைகொடுக்கும் பரிசான இன்ஸ்பிரேஷன் கொடுத்துவிட்டுப் போகலாம். அதற்கென்றே அந்த விதி இருக்கிறது.

வசனம் முதலா, பகடை முதலா என்பதில் டிஎம்கள் இரு கட்சிகளாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒருவர் ஐந்து நிமிடம் உருக்கமாகப் பேசி, பிறகு பகடை 2 காட்டினால், பேசியவர் முகம் தொங்கிப்போகும். டிஎம்மும் அந்தப் பேச்சு ஏன் எடுபடவில்லை என்று காரணம் தேடித் திணறுவார். ஆகவே நோக்கத்தையும் வழியையும் சுருக்கமாகச் சொல்லவைத்து, பகடையை உருட்டி, அதற்குப் பிறகு முடிவுக்கு ஏற்றபடி வசனத்தைப் பேசவைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. தோல்வி என்று முன்பே தெரிந்துவிட்டால் ஆட்டக்காரர்கள் தங்கள் பாத்திரத்தின் சறுக்கலைத் தாங்களே ரசித்து நடிப்பார்கள். அப்போதும், திறமையான பாத்திரத்தைக் கோமாளியாக்கிவிடாமல், தோல்விக்கான காரணத்தைச் சூழலில் வைப்பது மரியாதை: பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த நேரம் பார்த்து மேலதிகாரியின் விளக்கு மதில்மேல் தெரிந்தது.

தோல்வி என்பதற்கு "முடியாது" என்று மட்டும் பொருள் கொண்டால் காட்சி அங்கேயே செத்துவிடும். காவல் தலைவர், "இரு, மேலதிகாரியைக் கூப்பிடுகிறேன்" என்று உள்ளே போகலாம். வருபவர் காசு வாங்குகிற அதே ஆள் என்பதால், குழுவுக்கு ஒரே நேரத்தில் ஒரு வாய்ப்பும் ஒரு தொல்லையும் வந்து சேர்கின்றன. உள்ளே விட்டுவிட்டு, பின்னாலேயே ஓர் ஆளை அனுப்பலாம். ஓரிரு எண்ணில் தவறியிருந்தால் கூடுதல் விலை கேட்கலாம்: நால்வரில் ஒருவர் விடியும்வரை காவல் அறையில் பிணையாக இருக்க வேண்டும். எட்டாவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பகடை உருளும் முன்பே ஆட்டக்காரர்களுக்குக் கோடிகாட்டிவிடுவது நேர்மை. என்ன நடக்கும் என்று டிஎம்முக்கே எதுவும் தோன்றவில்லை என்றால், அந்தச் செக்கே தேவையில்லை. இணங்கிவிட்டார் என்று சொல்லிவிட்டு மேலே போகலாம்.

பொய் சொல்லும் காட்சிக்குத் தனிக் கவனம் வேண்டும். டிசெப்ஷனில் பெரிய எண் விழுந்தால் கேட்டவர் நம்புவார்; அதனால் அவர் கண்ணெதிரே இருக்கும் சான்று மறைந்துவிடாது. இந்தப் பொய் எவ்வளவு நேரம் தாங்கினால் போதும் என்று கேட்டுவிட்டு எண்ணை வைப்பது நடைமுறைக்கு ஏற்றது. கால் ஆஃப் கதுலு என்ற ஆட்டத்தின் ஏழாம் பதிப்பு இதைத் திறன்களிலேயே பிரித்திருக்கிறது: ஃபாஸ்ட் டாக் சட்டென்று பலிக்கும், ஆனால் ஆள் கொஞ்ச நேரத்தில் சுதாரித்துக்கொள்வார்; பெர்சுவேட் நேரமெடுக்கும், ஆனால் நிலைத்து நிற்கும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் அந்தப் பிரிவு இல்லாததால் டிஎம்தான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுபுறம், எதிராளியின் மனத்தை ஊகிக்கும் திறனான இன்சைட்டை ஆட்டக்காரர்கள் பொய் கண்டுபிடிக்கும் இயந்திரமாக வைத்திருக்கிறார்கள். "பொய் சொல்கிறாரா?" என்று கேட்டு உருட்டி, பகடை 3 காட்டி, டிஎம் "உண்மைபோலத்தான் தெரிகிறது" என்றதும், "அப்படியென்றால் பொய்தான்" என்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கும் காட்சி எல்லாருக்கும் தெரிந்ததே. இதைத் தவிர்க்க, திரைக்குப் பின்னால் டிஎம்மே உருட்டலாம். அல்லது 10-உடன் இன்சைட் போனஸைக் கூட்டிவரும் பாசிவ் எண்ணை எடுத்துக்கொண்டு, பகடையே இல்லாமல் நடத்தலாம். இரண்டில் பின்னதே எனக்கு வசதி. விடையும் ஆம், இல்லை என்று இருக்க வேண்டாம். "வண்டியைப் பற்றிக் கேட்டதும் அவர் ஏட்டை மூடினார், உங்களிடம் பயமில்லை, மேலே மதிலைத்தான் பார்க்கிறார்" என்று கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னால், அவருக்கு என்ன வேண்டும், எதற்கு அஞ்சுகிறார் என்பதை ஆட்டக்காரர்களே ஊகித்து அடுத்த பேச்சை அமைத்துக்கொள்வார்கள். 2014 கையேட்டில் இன்சைட்டுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் வேலையும் இதுவே: எதிராளியின் கொள்கை, பற்று, பலவீனம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டுகொள்வது. எண்ணை 10 அல்லது அதற்கு மேல் தவறவிட்டால், தவறான ஒன்றை நம்பிவிடலாம் என்றும் அது சொல்கிறது.

மிரட்டலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது பலிக்கும், பலித்த பிறகு உறவு கெடும். பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு இதை விதியாகவே எழுதியிருக்கிறது: மிரட்டலுக்குப் பணிந்தவர், அதன் பிடி விட்டதும் குழுவின்மேல் மனக்கசப்போடு இருப்பார். உடல் வலிமையைக் காட்டி மிரட்டும் பாத்திரத்துக்குக் கரிஸ்மாவுக்குப் பதில் ஸ்ட்ரெங்த்தைச் சேர்த்துக்கொள்ள ஐந்தாம் பதிப்பில் விருப்ப விதி உண்டு, தாராளமாக அனுமதிக்கலாம்.

அரசவையில் வழக்கு, இரு நாடுகளின் உடன்படிக்கை போன்ற பெரிய காட்சிகளை ஓர் உருட்டலில் அடக்கக் கூடாது. 2008-இல் வந்த நான்காம் பதிப்பின் ஸ்கில் சேலஞ்ச், மூன்று தோல்வி வருவதற்குள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வெற்றி பெறச் சொன்னது. வெறும் எண்ணிக்கையாக நடத்தினால் சலிப்புத் தட்டும். ஒவ்வொரு வெற்றியிலும் அவையில் ஒருவராவது கட்சி மாறினால், அல்லது ஒரு நிபந்தனையாவது தளர்ந்தால், விறுவிறுப்பாகவே போகும்.

கடைசியாக, ஓர் ஆட்டக்காரரின் பாத்திரம் இன்னொரு ஆட்டக்காரரின் பாத்திரத்தை இணங்கவைக்கப் பகடையை எடுக்கும் சந்தர்ப்பம். இதில் என் நிலை கண்டிப்பானது: தம் பாத்திரம் என்ன நினைக்கும், என்ன செய்யும் என்பதை அதன் சொந்தக்காரர் மட்டுமே சொல்லலாம். பொய்யைக் கவனித்தாரா என்பதற்கு டிசெப்ஷனும் இன்சைட்டும் மோதலாம். கவனிக்கவில்லை என்றாலும், அடுத்து என்ன செய்வது என்பது அவர் முடிவு. 2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டம் இதற்கு நாசூக்கான ஒரு வழி வைத்திருக்கிறது: இணங்கவைக்க முயல்பவர் நன்றாக உருட்டினால், கேட்டதைச் செய்யும் மற்றவருக்கு அனுபவப் புள்ளி கிடைக்கும், செய்வதும் செய்யாததும் அவர் விருப்பம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் அதே இடத்தை இன்ஸ்பிரேஷன் நிரப்பிவிடும். "அவர் பேச்சில் மயங்கியதுபோல் நடந்துகொண்டால் உங்களுக்கு ஓர் இன்ஸ்பிரேஷன், சம்மதமா?" என்று மேசையில் வெளிப்படையாகக் கேட்டு, மறுத்தால் வற்புறுத்தாமல் அடுத்த காட்சிக்குப் போய்விடலாம்.